பேச்சுத் தேர்வுக்கு ஒரு ஜோடி

பதினேழு வயதில் உங்களை உட்கார வைத்து, பழம் வரைந்த தாளுக்கு வண்ணம் அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் பள்ளியில் சொன்னார்கள். ஆப்பிளுக்குச் சிவப்பு, வாழைப்பழத்துக்கு மஞ்சள், அடியில் இங்கிலீஷில் அதன் பெயர். மீசை முளைத்த பையன்கள் கலர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிப்பார்கள். அதற்குப் பெயர் ஆங்கில ஆதரவுத் திட்டம். வருஷத்துக்கு ஒரு புதுப்பெயர் வரும், பேனர் வரும், திறப்பு விழாவுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வரும். பழம் மட்டும் மாறாது.

நான் அங்கே இங்கிலீஷ் டீச்சர். கிள்ளானிலிருந்து மேரு போகிற பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிற இடைநிலைப்பள்ளி. பிள்ளைகளைப் புள்ளி வாரியாகப் பிரித்து முதல் கிளாஸ், இரண்டாம் கிளாஸ் என்று அடுக்கிவிட்டு, மிச்சமிருப்பவர்களைக் கடைசி கிளாஸில் கொட்டுவார்கள். கடைசி கிளாஸ் எப்போதும் எனக்குத்தான். ஏன் என்று கேட்டால், "பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைங்க, டீச்சர். உங்க பேச்சைத்தான் கேப்பாங்க" என்று தேன் தடவிச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கிளாஸ் வேண்டாம், விஷயம் அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்காதவர்கள் இல்லை. ஆரம்பப்பள்ளியில் ஆறு வருஷம், இங்கே ஐந்து வருஷம், ஒரு வருஷம் விடாமல் படித்தவர்கள். ஆனாலும் முதல் வருஷத்துப் பிள்ளையை நடத்துகிற மாதிரியே கடைசி வரைக்கும் நடத்துவார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லார் வாயிலும் முதலில் வருவது "பாவம்". எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பாவம், புரியாது என்று இங்கிலீஷ் பாடத்தை மலாயில் நடத்துவார்கள். பாவம், பேச வராது என்று கேள்வியையும் கேட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். பாவம், பின்தங்கிவிட்டார்கள் என்று அறிவியல் ஆய்வுக்கூட நேரத்தில் அவர்களை வெளியே இழுத்து, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் உட்கார வைத்துப் பழத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்வார்கள். ஆக, இங்கிலீஷும் வரவில்லை, அறிவியலும் போனது. அதற்கும் அவர்களைத்தான் திட்டுவார்கள்.

டெங்கில் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவள் நான். பயமில்லாமல் இங்கிலீஷ் பேச எனக்கே இருபது வயது தாண்டியது. அதனால் எனக்கு இந்தப் பிள்ளைகள் மேல் கரிசனம் அதிகம் என்று சொல்வார்கள். கரிசனமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கோபம்தான்.

கடைசி கிளாஸுக்கு என்று ஒரு பழக்கம் உண்டு. டீச்சர் முன்னால் நின்று இங்கிலீஷில் ஏதாவது சொன்னால், புரிந்த பிள்ளை ஒன்று அதை மெதுவாகப் பக்கத்தில் தமிழில் சொல்லும். பக்கத்தில் இருப்பது பின்னால் திரும்பிச் சொல்லும். இப்படியே வரிசை வரிசையாகப் போய்ச் சுவர் வரைக்கும் சேர்ந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் எல்லா வகுப்பையும் கடந்து வந்திருக்கிறார்கள். ஒருத்தனுக்குப் புரிந்தால் அவன் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு இது வெறும் இரைச்சல். "ஜாங்கான் பீசிங்!" என்று மேசையைத் தட்டுவார்கள். சத்தம் போடாதே என்று பதினொரு வருஷமாக அவர்கள் கேட்ட வார்த்தை அது.

எங்கள் கிளாஸில் அந்த முதல் வாய் ஒரு பெண்ணுடையது. உயரமான பெண், ஜன்னலோரம் உட்காருவாள், எண்ணெய் வைத்து அழுத்திப் பின்னிய ஜடை. இந்த முணுமுணுப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று நான் கவனித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கமிருந்துதான் கிளம்பும். சந்தேகம் தீர, ஒரு நாள் பாடத்துக்கு நடுவில் வேகமாக இங்கிலீஷில் ஒரு நகைச்சுவை சொன்னேன். கிளாஸ் என் முகத்தைப் பார்த்தது. அவள் மட்டும் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவள் சொல்ல, கிளாஸ் சிரித்தது.

அடிப்பாவி, இவளுக்கா இங்கிலீஷ் வராது?

எழுப்பி நிறுத்தி இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டேன். தலை குனிந்துவிட்டாள். "சாரி, டீச்சர்." மறுபடி கேட்டேன். "சாரி, டீச்சர்." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருஷம் காதை மட்டும் வளர்த்துவிட்டு, திடீரென்று வாயைத் திற என்றால் எங்கிருந்து திறக்கும்?

பள்ளி முடிந்ததும் நிறுத்தி வைத்துப் பேசினேன். அவளுடைய அப்பா லோரி ஓட்டினவர். துறைமுகத்தில் சாமான் இறக்கும்போது கால் நசுங்கி, மாதக்கணக்கில் படுக்கை. மருத்துவமனையில் ஒரு பெண் அவர் காலைப் பிடித்து, மடக்கி, நீட்டி, திட்டி, கெஞ்சி, கடைசியில் எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். இவள்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள். "அந்த அக்கா செஞ்ச வேலையை நானும் செய்யணும், டீச்சர்" என்றாள். ஃபிசியோதெரபி. விசாரித்தும் வைத்திருந்தாள். அவள் பார்த்து வைத்திருந்த டிப்ளோமாவுக்கு, பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சையில் இங்கிலீஷுக்குக் கிரெடிட் வேண்டும், வெறும் பாஸ் போதாது. மற்ற பாடங்கள் அவளுக்குச் சமாளிக்கக்கூடியவைதான். இந்த ஒன்றுதான் குறுக்கே நின்றது.

சரி, பார்த்துவிடலாம் என்று எனக்கும் ஒரு வீம்பு வந்தது.

எஸ்.பி.எம். இங்கிலீஷில் நான்கு தாள். அதில் ஒன்று பேச்சு. அதற்குத் தனியாளாகப் போக முடியாது. இரண்டிரண்டு பேராக உள்ளே போக வேண்டும். முதலில் ஆளுக்கு ஆள் கேள்வி, பிறகு ஆளுக்கொரு தலைப்பு, கடைசியில் இருவரும் ஒருவரோடு ஒருவர் விவாதித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதனால் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது உங்கள் புள்ளியில் பாதி. இது டீச்சர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் கிளாஸ் பெற்றோர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் கடைசி கிளாஸ்காரர்கள் மட்டும்தான்.

முதல் கிளாஸிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்தேன். வியாபாரக் குடும்பம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை, கோலாலம்பூரில் வேறு என்னென்னவோ. வீட்டில் நாய்க்குட்டியிடம்கூட இங்கிலீஷில்தான் பேசுவார்கள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கச் சேவைச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காகத்தான் வந்தாள். வந்ததற்காக நான் குறை சொல்ல மாட்டேன். கெட்டிக்காரப் பெண், கொஞ்சம் வாயாடி, எதிராளி வாதாடினால் அவளுக்குக் குஷி.

இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். புத்தகம் கிடையாது, தாள் கிடையாது, பேச வேண்டும். முதல் வாரங்களில் வாயாடி பேசுவாள், நம்ம ஆள் "யெஸ்", "நோ" என்பாள். எனக்கு மண்டை காயும். ஒரு மத்தியானம் வாயாடி போகிற போக்கில், கூட்டரசு நெடுஞ்சாலையில் நடக்கிற விபத்துக்கெல்லாம் லோரிக்காரர்கள்தான் காரணம், அவர்களுக்கு மூளையே கிடையாது என்று ஒரு போடு போட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் திறந்துவிட்டாள். இங்கிலீஷில்தான். அப்பா விடிவதற்கு முன் கிளம்புவதை, தூங்கவிடாமல் முதலாளி ஃபோன் போடுவதை, ஒரு நடை குறைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதை, நசுங்கின காலோடு கிடந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு ஆப்பிளோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனதை. வினைச்சொல் எல்லாம் தாறுமாறு. கடந்த காலம், நிகழ்காலம் எல்லாம் கலந்து கட்டி. ஆனால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு வார்த்தைக்குத் தமிழுக்கு ஓடவில்லை. முடித்த பிறகுதான் தான் என்ன பாஷையில் பேசினோம் என்பது அவளுக்கே உறைத்தது. அன்றைக்கு "சாரி" சொன்னது முதல் கிளாஸ் வாயாடி. எனக்கு எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது.

அதன் பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டன. கேன்டீனில் ஐஸ் மைலோவை வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் சண்டை. பரீட்சை வேண்டுமா, பெண்பிள்ளைகளுக்குப் பைக் எதற்கு, எல்லாம் இங்கிலீஷில். இவள் தப்பாகச் சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள். சரியானதைத் தன் பதிலில் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். நான் படித்து வாங்கின பட்டத்தில் எனக்கு யாரும் இந்த வித்தையைக் கற்றுத்தரவில்லை. பேச்சுத் தேர்வுக்கு ஜோடி போடும் வேலை என்னிடம் வந்தபோது இரண்டு பேரையும் சேர்த்தே போட்டேன். வாயாடியிடம் கேட்டேன், "ஓகேலா டீச்சர், நாங்க கலக்கிடுவோம்" என்றாள்.

நான் போட்ட ஜோடிகளைப் பலகையில் ஒட்டின மறுநாளே வாயாடியுடைய அம்மா வந்துவிட்டார்.

நல்ல பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு. இங்கிலீஷில் ஆரம்பித்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் விடாமல் இங்கிலீஷ், நான் விடாமல் தமிழ். இந்தப் பிள்ளைகளுக்கு உதவி செய்வதில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்றார். தானே வருஷா வருஷம் பள்ளிப் பை, காலணி எல்லாம் கொடுக்கிறவர்தான் என்றார். ஆனால் பரீட்சை என்பது வேறு. பக்கத்தில் இருக்கிறவள் திணறினால் தன் மகளின் புள்ளி போய்விடும். கேட்டால் அந்தப் பெண்ணுக்கே அது நல்லதில்லையாம், தாழ்வு மனப்பான்மை வந்துவிடுமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"திணற மாட்டாம்மா. நீங்க ஒரு தடவை வந்து கேட்டுப் பாருங்க, ரெண்டு பேரும் பேசறதை" என்றேன்.

"டீச்சர், லெட் அஸ் பி ரியலிஸ்டிக்" என்றார்.

"நம்ம பிள்ளைதானேம்மா அதுவும்?"

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே துணைத்தலைமையாசிரியர் அறைக்குப் போனார். கை நிறைய இனாம் கொடுக்கிறவர்களுக்கு அந்தக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும்.

துணைத்தலைமையாசிரியர் குரலை உயர்த்தாத மனிதர். என்னை உட்காரச் சொல்லி, பள்ளியின் பெயர் முதல் கிளாஸ் கையில் இருக்கிறது என்று விளக்கினார். இனிமேல் அந்தந்தக் கிளாஸுக்குள்ளேயே ஜோடி, அதுதான் நியாயம் என்றார். நியாயம்! நொண்டியை நொண்டியோடு கட்டிவிட்டு ஓடச் சொல்வதற்கு நியாயம் என்று பெயர். "இவள் நொண்டி இல்லை சார், இவளை நான் ரெண்டு காலில் நிற்க வைத்திருக்கிறேன்" என்று சண்டை போட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மணி அடித்ததும் எழுந்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நானும் எழுந்து வெளியே வந்தேன்.

வாயாடி என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். "டீச்சர், அம்மா கேக்கவே மாட்டேங்கிறாங்க" என்றாள், கண் கலங்கி. அவள் சின்னப் பெண், அவளால் என்ன செய்ய முடியும்? இருந்தும் "சரி சரி, போ" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. கேன்டீன் சண்டையும் அதோடு நின்றுபோனது. மாலை நேரத்தில் அவளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷனுக்குக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

நம்ம பெண்ணுக்கு விழுந்த ஜோடி ஒரு பையன். அதே கிளாஸ், அதே தாமான், ஒரே குடியிருப்புக்காரன். கெட்ட பிள்ளை இல்லை, தங்கமான பிள்ளை. ஆனால் வாய் திறக்காத பிள்ளை. பள்ளிக்குள் வந்தால் தமிழே யோசித்து யோசித்துத்தான் வரும். அவன் தலைவிதி, அவளுக்கு ஜோடியானான். "பரவால்ல டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள். மிச்சமிருந்த நாள்களில் நான் அவனுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். தலையை ஆட்டுவான். ராத்திரி முழுக்கப் படித்து மனப்பாடம் செய்தது என் முகத்தைப் பார்த்ததும் பறந்துவிடும்.

தேர்வு நாள். சொந்த மாணவர்களை நாங்களே சோதிக்க மாட்டோம், மாற்றிக்கொள்வோம். அன்றைக்குப் பார்த்து ஒரு டீச்சருக்குக் காய்ச்சல். வேறு ஆளில்லாமல் என்னை என் பிள்ளைகள் வருகிற அறைக்குள் போட்டார்கள். கேள்வி கேட்கிற வேலை எனக்கு. கையில் அச்சடித்த கேள்விகள், அதில் உள்ளதைத் தவிர ஒரு வார்த்தை கூட்டிப் பேசக் கூடாது. புள்ளி போடுகிற வேலை வேறொருவருக்கு. மலாய்க்காரத் தம்பி, வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, என்னை "காக்", அதாவது அக்கா, என்று கூப்பிடுவான், நேர்மையான பிள்ளை.

காலை முழுக்க முதல் கிளாஸ் ஜோடிகள். டியூஷனில் உருப்போட்டது அப்படியே வந்தது. "உங்கள் அற்புதமான கருத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன்" என்று இங்கிலீஷில் ஒருத்தி சொல்வாள். என்ன கருத்து என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அதே வாக்கியத்தை அடுத்த ஜோடியும் சொல்லும். புள்ளி மட்டும் நன்றாக விழுந்தது.

பிறகு இவர்கள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டேன். மேரு என்றாள். அதோடு விடவில்லை. கையுறைத் தொழிற்சாலைக் காற்று வீசுகிற நாளில் துணி காயப் போட்டால் ரப்பர் நாற்றம் அடிக்கும், அதனால் காற்றைப் பார்த்துத்தான் அம்மா துணி துவைப்பார் என்று சொன்னாள். புள்ளி போடுகிற தம்பி நிமிர்ந்து பார்த்தான். தனித் தலைப்பிலும் கடைசி வரைக்கும் நிற்காமல் பேசினாள். பையன் பெயரைச் சொன்னான். அப்புறம் "சாரி" சொன்னான்.

மூன்றாவது பகுதி. குடியிருப்புப் பகுதியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இளைஞர்கள் என்ன செய்யலாம், இருவரும் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று வாசித்தேன். அவள் அவன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள். அவன் மேசையைப் பார்த்தான். வேறு மாதிரி, இன்னும் சுலபமாகக் கேட்டாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? தாளில் இருந்ததை மறுபடி ஒரு தடவை வாசித்தேன்.

அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"டேய், நம்ம தாமான்ல குப்பையை எங்கடா கொட்டுறாங்க?"

தமிழில். பரீட்சை அறையில்.

"லோங்காங்ல" என்றான் பையன். சாக்கடை என்று அர்த்தம்.

"யாரு?"

"கடைக்காரங்கதான். நான் போய்ச் சொன்னேன், அடிக்க வந்துட்டாங்க."

அவள் நிமிர்ந்தாள். இங்கிலீஷில் ஆரம்பித்தாள்: என் நண்பன் சொல்கிறான், குப்பை போடுவது பிள்ளைகள் இல்லை, கடைக்காரர்கள். இவன் தட்டிக் கேட்டிருக்கிறான், அவர்கள் அடிக்க வந்திருக்கிறார்கள். அதனால் சுவரொட்டி ஒட்டுவது பிரயோஜனமில்லை என்று நினைக்கிறேன். திரும்பி அவனிடம் தமிழில், "அப்போ என்னாதான் செய்யலாம்ங்கறே?" அவன் சொன்னான். பள்ளியில் நான் அவனிடம் அவ்வளவு பேச்சைக் கேட்டதே இல்லை. எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டால் அடிக்க மாட்டார்கள், தனியாகப் போனதுதான் தப்பு என்றான். அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள், அதிலிருந்து மாறுபட்டாள், தன் காரணத்தைச் சொன்னாள், அவனுக்குத் தமிழில் விளக்கினாள், அவன் மறுத்ததை இங்கிலீஷில் கொண்டுவந்தாள், கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கும் வந்தார்கள். அன்றைக்கு முழுநாளும் அந்த அறையில் நடந்த ஒரே உண்மையான விவாதம் அதுதான். நேரம் முடிந்தது என்று சொல்லி இருவரையும் அனுப்பினேன்.

அவர்கள் போனதும் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "காக், இப்ப நான் என்ன செய்யறது?" என்று மலாயில் கேட்டான். அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது, அது தெரிகிறது. ஆனால் தான் புள்ளி போட வேண்டியது ஜோடியோடு இங்கிலீஷில் நடந்த பேச்சுக்கு. ஜோடியோடு இங்கிலீஷில் பேச்சே நடக்கவில்லையே. தனக்குப் புரியாத பாஷையில் நடந்ததற்குத் தான் எப்படிப் புள்ளி போடுவது?

"ரெண்டு பாஷையையும் ஒரே நேரத்துல தூக்கிக்கிட்டு நடந்தாளே, அது கணக்கில்லையா?" என்றேன்.

"அதுக்கு இதுல இடமில்ல, காக்."

சண்டை போட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை, மாற்றவும் இல்லை. புள்ளி அவன் பொறுப்பு, விதி அவன் பக்கம். டீ இடைவேளையில் அவன் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு முரடனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரையாவது பிடித்துக் கத்தித் தீர்த்திருப்பேன்.

தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தேன். "ஏண்டி இப்படிப் பண்ணே? அவன் பேசலைன்னா நீ பாட்டுக்குப் பேசிட்டு வர வேண்டியதுதானே!"

அவளுக்கு நான் கோபப்படுவதே விளங்கவில்லை. "நான் மட்டும் பேசிக்கிட்டே இருந்தா அவன் பாவம், முட்டாளாட்டம் உக்காந்திருப்பான், டீச்சர். நம்ம கிளாஸ்ல அப்படித்தானே செய்வோம்?" என்றாள். ஜோடி என்றால் ஜோடி என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

முடிவு வந்தது. அவளுக்கு டி. பாஸ், கிரெடிட் இல்லை. ஒரு படி கீழே. பையனும் ஒட்டிக்கொண்டு பாஸாகிவிட்டான். வாயாடிக்கு ஏ பிளஸ், பள்ளி வாசலில் பேனரில் அவள் முகம் சிரித்தது. ஆசிரியர் கூட்டத்தில் துணைத்தலைமையாசிரியர் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். கடைசி கிளாஸில் தேர்ச்சி கூடியிருக்கிறதாம், ஆதரவுத் திட்டத்தின் வெற்றியாம், இந்த வருஷம் கீழ் வகுப்புகளுக்கும் அதை விரிவாக்கப் போகிறார்களாம். எல்லாரும் தட்டினார்கள். "சார், அந்தப் பொண்ணுக்கு டிப்ளோமா கெடைக்கலை" என்றேன். "அடுத்த முறை இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாம், டீச்சர்" என்றார். அதற்கும் தட்டினார்கள். அப்படியே நாற்காலியைத் தூக்கி எறியலாம் என்று வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் அவள் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இங்கிலீஷை மட்டும் தனியார் மாணவியாக மறுபடி எழுதலாம், பெயர் பதிகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். அப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அவசர அவசரமாகச் சிராப் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வேலைக்குக் கிளம்புகிற உடுப்பில் இருந்தாள்.

சொல்லி முடித்தேன். எழுத்துத் தாள்களை இன்னும் நன்றாகச் செய்யலாம், பேச்சுதான் உனக்குக் கைவந்த கலை, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா அம்மாவுக்குப் புரிய வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் எனக்கு இங்கிலீஷில் பதில் சொன்னாள். நிதானமாக, ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல்: "டீச்சர், அங்கேயும் என் பக்கத்தில் யாரையோ உட்கார வைப்பார்கள். அவன் பேசத் தெரியாதவனாக இருந்தால் நான் மறுபடி அதையேதான் செய்வேன். அவனை விட்டுவிட்டு என்னால் பேச முடியாது. அது தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. நீங்கள் எனக்காகச் சண்டை போட்டீர்கள் என்று தெரியும். போதும், டீச்சர். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிறது."

காலணியை மாட்டிக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அம்மா அவள் பேசப் பேச அவள் வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"இங்கிலீசுதானே பேசனா, டீச்சர்?"

"ஆமாங்க்கா."

"சரியாப் பேசனாளா?"

"நல்லாப் பேசனா. ஒரு தப்பு இல்ல."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேச வருதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எம்மவ எதுக்கு டீச்சர் கையுறை மாட்டிக்கிட்டு நிக்கிறா?"